கடலை வாங்கிய மிச்சக் காசு

கல்மண்டபம்காரன்:

போன மாதம் காசிமேட்டில் மச்சான் வீட்டு விருந்து. தடைக்காலம் 61 நாள் முடிந்து, ஜூன் 15-க்கு அப்புறம் கடலுக்குப் போன போட்டுகள் திரும்பிய வாரம். வீடு முழுக்க வஞ்சிரம் வறுக்கும் வாசனை. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டம்ளர் பவண்டோ.

என் மகளுக்கு ஆறு வயது. டம்ளரைத் தூக்கி மச்சான் பையன் டம்ளரில் இடித்து "சியர்ஸ்" என்றாள். ஒரே மடக்கு. கண்ணை இறுக்கி மூடி, "ஹா" என்று தலையை உதறி, தட்டில் இருந்த எலுமிச்சை ஊறுகாயை ஒற்றை விரலால் தொட்டு நக்கினாள். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். "இன்னொரு தபா செய்டி" என்று மச்சான் போனை எடுத்தார்.

வண்டியில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் செட்டில் எல்லாருக்கும் சிக்கன், இல்லையென்றால் மிக்சர். ஊறுகாயை விரலால் தொடுகிற ஆள் நான் ஒருத்தன்தான். அவள் கண் முன்னால் நான் குடித்ததே இல்லை, எப்போதும் மொட்டை மாடிதான் என்று அதுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் அதை எங்கே கற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். சனிக்கிழமை கூலி. அப்போது பிராந்திக்கடைகள் தனியார் கையில் இருந்தன, அரசே சில்லறையில் விற்க வந்தது 2003 நவம்பரில்தான். அப்பா என்னைக் கடைக்கு அனுப்ப மாட்டார், அந்த மட்டும் ஒழுக்கம். ஆனால் வாசலில் நிற்கும் தள்ளுவண்டியில் வறுத்த கடலை, அவித்த முட்டை, பக்கத்துக் கடையில் கோலி சோடா, இதெல்லாம் என் வேலை. மிச்சக் காசு எனக்கு.

மற்ற ஆறு நாளும் அவர் வாய் திறக்க மாட்டார். சனிக்கிழமை இரண்டாவது ரவுண்டில் என்னை மடியில் உட்கார வைத்து, வாய்ப்பாடு கேட்பார், தலையைக் கோதுவார். சில வாரம் பீச் ஸ்டேஷன் பக்கத்து பர்மாக் கடையிலிருந்து அத்தோ நூடுல்ஸ் பார்சல் வரும். நான் சனிக்கிழமைக்காகவே காத்திருப்பேன். அப்போது அம்மா எந்த மூலையில் உட்கார்ந்திருப்பாள் என்று இன்றைக்கு யோசித்தால் நினைவே வரவில்லை.

கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் பாசமாக நாலு வார்த்தை பேச எனக்கு ஒரு கட்டிங் தேவைப்பட்டது. அம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பன் மாதிரியே. ஊத்தினாத்தான் வாய் தொறக்குது."

உங்கள் வீட்டுக் கதைகளையும் சொல்லுங்கள்.

வியாசர்பாடி பொண்ணு:

அண்ணா, எங்கள் வீட்டில் அப்பா குடித்தார். ஆனால் நான் பாடம் படித்தது அம்மாவிடம். கம்பெனி சூப்பர்வைசர் வந்தால் "அப்பாவுக்கு ஜுரம்", சீட்டுக்காரர் வந்தால் "ஊருக்குப் போயிருக்காரு". எனக்கு எட்டு வயதிலேயே முகம் மாறாமல் சொல்ல வரும். யாரிடம் எந்தப் பொய் சொன்னோம் என்பதையும் மறக்கக் கூடாது, அது தனி வேலை.

ஐந்தாம் வகுப்பில் டீச்சர் அக்டோபர் 2 என்ன நாள் என்று கேட்டார். முதல் ஆளாகக் கை தூக்கி, "கடை லீவு டீச்சர், முந்தின நாளே ரெண்டு வாங்கி வெச்சிரணும்" என்றேன். திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள் எல்லாம் எனக்கு அப்படித்தான் மனப்பாடம். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அன்று மதியம் அவர் டிபன் பாக்ஸில் இருந்து எனக்குப் பாதி இட்லி கொடுத்தார். எதற்கு என்று அப்போது புரியவில்லை.

இன்றும் ஆபீசில் சின்னத் தப்புக்குக்கூட முதலில் வாயில் வருவது பொய்தான். அதை நிறுத்தத்தான் கஷ்டப்படுகிறேன்.

மணலி ப்ரோ:

ஓவரா யோசிக்கிறீங்க. நாங்கள் பண்டிகைக்குப் பிள்ளைகள் எதிரிலேயே பீர் குடிப்போம், யாரும் கெட்டுப் போகவில்லை. மாடியில் ஒளிந்து குடித்தால்தான் பையனுக்கு ஆர்வம் வரும். 21 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது என்று கடையில் போர்டு இருக்கு, வீட்டுக்குள்ளேயுமா போர்டு மாட்டுவது?

வியாசர்பாடி பொண்ணு:

ப்ரோ, பீர் ஓப்பன் பண்ணும்போது பையன்தானே ஓடிப் போய் ஐஸ் எடுத்து வர்றான்? அதை மட்டும் சொல்லுங்க.

மணலி ப்ரோ:

ஆமா. சரி, அது வேற.

திருவொற்றியூர் ஆட்டோ:

தம்பி, எனக்கு 58 வயசு. என் நைனா குடிக்க மாட்டார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் மாட்டார். நம்ம பக்கம் சாவு எடுக்கும்போது எப்படி என்று தெரியும்தானே. மேளம், பூ, வெடி, முன்னால் ஆடும் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் மப்பில். நைனாவின் சிநேகிதர் ஒருவர் தவறிவிட்டார், இருவரும் சின்ன வயசிலிருந்து ஒன்றாகக் கேரம் ஆடியவர்கள். எனக்குப் பன்னிரண்டு வயசு, கூடவே போனேன்.

ஒருத்தர் டம்ளரை நீட்டினார். "எனக்கு வாணாம்பா, டீ இருந்தா குடு." அவ்வளவுதான். "சேக்காளி செத்ததுக்குக்கூட மாட்டியா, இன்னா மனுசன்யா நீ" என்று கேட்டார்கள். பதில் பேசாமல் டீயைக் குடித்துத் தீர்த்தார். அப்புறம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேளத்துக்கு முன்னால் இறங்கி, தெரு முனை வரைக்கும் ஆடினார். அழுதுகொண்டே ஆடினார். அவர் ஆடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நானும் குடித்துப் பார்த்திருக்கிறேன், பொய் சொல்லவில்லை. சவாரி முடிந்து பசங்க கூப்பிடும்போது எல்லாம் அந்த டீ டம்ளர் ஞாபகம் வந்துவிடும். சனியன், குடிக்கவே விடாது.

கல்மண்டபம்காரன்:

மகளிடமே கேட்டேன். "ஊறுகாய் எதுக்குடா தொட்டுக்கிட்டே?"

"கசக்கும்ல."

"பவண்டோ கசக்குமா?"

"எனக்கு இல்லப்பா, உனக்கு."

துணி எடுக்க அம்மாவோடு மாடிக்கு வந்தபோது தண்ணி டேங்க் பின்னால் பார்த்தாளாம். ஒரு நாள் இல்லையாம், நிறைய நாள்.

நேற்று சனிக்கிழமை. அவளை வண்டியில் வைத்துக்கொண்டு அத்தோ வாங்கப் போனேன். என்ன பேசுவது என்று தெரியாமல் பீச் ஸ்டேஷன் வரைக்கும் நான் வாயே திறக்கவில்லை. அவள்தான் வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தாள்.