இலையில் போட்ட வட்டம் போனில் இடம் மாறுகிறது: உதவி தேவை

கேள்வி (கோத்தகிரி)
வணக்கம். எங்கள் பகுதிச் சிறு தேயிலை விவசாயிகளுக்கு ஒரு வெப் ஆப் எழுதுகிறேன். அவர்கள் இலையைப் படமெடுத்து ஏற்றுவார்கள், கொப்புள நோய் தெரியும் இடத்தை ஆலோசகர் வட்டமிட்டுக் குறிப்பு எழுதுவார். படத்தின் மேல் வரைய ஃபேப்ரிக் ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைத்தான் பயன்படுத்துகிறேன். லேப்டாப்பில் போட்ட வட்டம் போனில் பக்கத்து இலைக்குப் போய்விடுகிறது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படமென்றால் இன்னும் மோசம்: வட்டமிட்ட இடத்தைச் சர்வரில் பைத்தான் வெட்டித் தரும் துண்டில் வெறும் மண்தான் இருக்கிறது. பருவமழை ஈரத்தில் இந்த நோய் வேகமாகப் பரவும். இலை மாறிப்போனால் மருந்தும் மாறிப்போகும். வழி சொல்லுங்கள்.

பதில் (குன்னூர்)
இரண்டும் வேறு வேறு கோளாறுங்க.

வட்டம் நகர்வதற்குக் காரணம், திரையில் படம் தெரிகிற அளவை வைத்து எக்ஸ், ஒய் சேமிப்பதுதான். 800 பிக்சல் அகலத்தில் போட்ட புள்ளி 360 பிக்சல் திரையில் எப்படிப் பொருந்தும்? எக்ஸைப் படத்தின் அகலத்தாலும் ஒய்யை உயரத்தாலும் வகுத்து, 0 முதல் 1 வரையான பின்னமாகச் சேமியுங்கள். காட்டும்போது அந்தத் திரையில் படம் தெரியும் அளவால் பெருக்குங்கள். ஆரத்தைப் பலர் விட்டுவிடுவார்கள், அதையும் அகலத்தால் வகுக்க வேண்டும்.

மண் தெரிவது எக்ஸிஃப், அதாவது படக் கோப்புக்குள்ளேயே இருக்கும் தகவல் குறிப்பால் வரும் பிரச்சினை. பல போன்கள் படத்தைப் படுக்கையாகவே சேமித்து, எப்படித் திருப்ப வேண்டும் என்பதை எக்ஸிஃபில் எழுதிவைக்கும். 2020இல் வந்த குரோம் 81 முதல் பிரவுசரே திருப்பிக் காட்டுகிறது. பைத்தானில் படங்களைக் கையாளும் பில்லோ நூலகம் தானாகத் திருப்பாது. படத்தைத் திறந்ததும் பில்லோவின் இமேஜ்ஆப்ஸில் உள்ள எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ் என்ற ஃபங்ஷனை ஓட்டிவிட்டு வெட்டுங்கள்.

கேட்டவர்
மிக்க நன்றிங்க, இரண்டும் சரியாகிவிட்டன. வட்டத்தோடு சேர்த்துப் படத்தை இறக்கப் போனால் 'டெயின்டட் கேன்வாஸ்' என்று பிழை வருகிறது. படங்கள் வேறு டொமைனில் இருக்கின்றன.

பதில் (ஊட்டி)
வேறு டொமைன் படம் கலந்த கேன்வாஸை, அதாவது வரையும் பரப்பை, அனுமதி இல்லாமல் இறக்க பிரவுசர் விடாது. அந்த டொமைன் உங்கள் தளத்துக்கு கார்ஸ் அனுமதி ஹெடர், அதாவது தன் படத்தை உங்கள் தளம் பயன்படுத்தலாம் என்று சொல்லும் வரி, அனுப்ப வேண்டும். உங்கள் கோடில் படத்துக்கு முகவரி கொடுப்பதற்கு முன்பே அதன் கிராஸ் ஆரிஜின் அமைப்பை 'அனானிமஸ்' என்று வையுங்கள். ஹெடர் இல்லாமல் வந்த பழைய படம் பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பான கேஷில் கிடந்தாலும் இதே பிழை வரும், அதை அழித்துவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. மூலப் படத்தின் மேல் வட்டத்தை எழுதி அதையே சேமிக்காதீர்கள். வட்டமும் குறிப்புகளும் தனியே ஜேசனாக, அதாவது தரவை எழுத்தாக வைக்கும் வடிவத்தில், இருக்கட்டும். நாளை இன்னொரு ஆலோசகர் வட்டத்தைத் திருத்த நினைத்தால், அடியில் இருக்கிற கொப்புளம் அவருக்குத் தெரிய வேண்டுமே.

கேட்டவர்
கேஷை அழித்ததும் இறங்கிவிட்டது. ஜேசனுக்குத் தனி டேபிள் போட ஆரம்பித்துவிட்டேன்.