ஆன்லைனில் வாங்கியது போலி என்று தெரிந்து பணம் திரும்பப் பெற்றவர்கள் இருக்கிறீர்களா?

வடசேரி பையன்:
ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஹெல்மெட். அக்காவுக்காகப் பெரிய தளம் ஒன்றில் வாங்கியது. பார்வதிபுரம் பாலம் ஏறித்தான் அவள் வேலைக்குப் போகிறாள். தாடைப்பட்டையின் பக்கிள் கழன்றதால் இங்கே ஹெல்மெட் விற்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் உள் துணியை விலக்கிக் காட்டினார். நெற்றிப் பக்கம் மட்டும் டிவிப் பெட்டியில் வருகிற மாதிரி வெள்ளைத் தெர்மாகோல். பின்னந்தலையில் வெறும் ஸ்பாஞ்சு. கட்டை விரலால் அழுத்தினார், ஓட்டில் போய் முட்டியது. அக்கா பக்கத்தில்தான் நின்றாள், ஒன்றும் பேசவில்லை.

முத்திரைக்குக் கீழே இருந்த சிஎம்/எல் எண்ணை, அதாவது உரிம எண்ணை, அந்த முத்திரையைத் தரும் அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால், ஹெல்மெட்டே செய்யாத வேறொரு கம்பெனி பெயர் வருகிறது. கஸ்டமர் கேரில் ‘ரிட்டர்ன் தேதி முடிந்துவிட்டது’ என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்து ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அனுப்பிய பிறகு பணம் வந்தது. ஆனால் அதே விற்பனையாளர், அதே படம், இன்னும் விற்பனையில் இருக்கிறது. நான் எழுதிய ரிவ்யூவைத்தான் காணவில்லை. இது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

குளச்சல் கரை:
தம்பி, உனக்கு 1915 கைகொடுத்தது. எனக்கு ‘புகார் முடித்துவைக்கப்பட்டது’ என்று மெசேஜ் வந்ததோடு சரி. நான் வாங்கியது தூண்டில் ரீல், பெயர்பெற்ற கம்பெனி பெயரில். முட்டம் பாறையில் நல்ல பாறை மீன் ஒன்று கடித்தது. கைப்பிடியைச் சுற்றுகிறேன், சுற்றிக்கொண்டே இருக்கிறேன், தங்கூஸ் நரம்பு ஒரு முழம்கூட உள்ளே வரவில்லை. மீனும் போச்சு, தங்கூஸும் போச்சு. வீட்டில் திறந்து பார்த்தால் பித்தளைப் பல்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக், பல் எல்லாம் மழுங்கியிருந்தது.

கம்பெனிக்கே மெயில் போட்டேன். அந்த சீரியல் எண் தங்களுடையது இல்லை என்று எழுதித் தந்தார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் அந்த மெயிலை வைத்து, கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் டிஸ்ப்யூட் போட்டேன், பணம் வந்தது. ஹெல்ப்லைனை நம்பி உட்காராதீர்கள், வங்கிக்குப் போங்கள்.

மார்த்தாண்டம் டீச்சர்:
கரை அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. எல்லோரிடமும் கிரெடிட் கார்டு இருக்கிறதா? எங்கள் பக்கம் பெரும்பாலும் பொருள் வந்த பிறகு கையில் பணம் கொடுப்பதுதான். என் மாணவிக்கு வாங்கிய நீட் வழிகாட்டி அப்படி வந்தது. 112-ஆம் பக்கத்தைத் திருப்பினால் 129. கள்ள அச்சு. மாற்றுப் புத்தகம் அனுப்பினார்கள், அதிலும் அதே பக்கங்கள் இல்லை. அதனால் மாற்றுப் பொருளுக்குச் சம்மதிக்கவே வேண்டாம், அதே ஆளிடமிருந்துதான் அதுவும் வரும்.

2020-ல் வந்த மின்வணிக விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. பொருள் போலி என்றால் விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது, பணம் தரவும் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவர் பெயரும் தொடர்பும் தளத்திலேயே இருக்க வேண்டும், அங்கே எழுதுங்கள். சாட்டில் பேசிக்கொண்டே இருந்தால் நாள்தான் போகும். அதற்கும் அசையவில்லையா, நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் முன் முத்திரை, பில், பெட்டி எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். கொடுத்துவிட்டால் கையில் வேறு ஆதாரம் கிடையாது.

இன்னொன்று. கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடாதீர்கள். ரீஃபண்ட் தருகிறேன் என்று லிங்க் அனுப்பி, கணக்கில் இருப்பதையும் எடுத்துவிடுகிறார்கள். அப்படி நடந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

வடசேரி பையன்:
டீச்சர், விவரத்துக்கு நன்றி. ஆனால் எனக்குப் பணம் வந்துவிட்டது. அந்த ஹெல்மெட்டை இன்றைக்கும் யாரோ வாங்கித் தலையில் மாட்டுகிறார்கள், அதை நிறுத்த என்ன வழி என்றுதான் கேட்கிறேன்.

தக்கலை அக்கா:
தம்பி, நீ எண் பார்த்தாயே, அதே பிஐஎஸ் கேர் ஆப்பில் புகாருக்கும் இடம் இருக்கிறது. ஐஎஸ்ஐ முத்திரையைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று போடலாம். நான் குக்கருக்குப் போட்டேன். கேஸ்கட் பொருந்தாமல் பக்கவாட்டில் ஆவி அடித்தது, மூடியில் முத்திரை மட்டும் பளபளவென்று இருந்தது. இப்போது அந்தக் குக்கர் அந்தத் தளத்தில் இல்லை. என் புகாரால்தானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. முத்திரை எண் தெளிவாகத் தெரிகிற படம், பில், விற்பனைப் பக்கத்தின் லிங்க், மூன்றும் உன்னிடம் இருக்கும் அல்லவா? இன்றைக்கே போட்டுவிடு.