தாத்தா வீடு விற்பனை: வரி எவ்வளவு?

பெரியப்பா: தாத்தா வீட்டை 80 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை முன்பணம் தருவார்களாம். எல்லாருக்கும் சம்மதமா?

கமலா அத்தை: 80 லட்சத்துக்கும் வரி உண்டாமே?

மீனா: இல்லை அத்தை. விற்ற விலையில் வாங்கிய விலையைக் கழித்து மிஞ்சுகிற ஆதாயத்துக்குத்தான் வரி. தாத்தாவுக்குப் பிறகு வீடு உங்களுக்கு வந்தபோது வரி கிடையாது. விற்கும்போதுதான் கணக்கு.

பாலா: தாத்தா 1984ல் வாங்கியது 40 ஆயிரத்துக்கு. அப்போ மீதி எல்லாமே ஆதாயமா??

மீனா: அப்படி இல்லை. 2001க்கு முன் வாங்கிய வீடு என்பதால், 1.4.2001 அன்றைய மதிப்பையே வாங்கிய விலையாக எடுக்கலாம். பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருந்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். அது 8 லட்சம் என்று வையுங்கள். ஆதாயம் 72 லட்சம், 12.5% வரி 9 லட்சம். இன்னொரு முறையும் இருக்கிறது: விலைவாசி உயர்வுக்கு ஏற்ப வாங்கிய விலையைக் கூட்டிக்கொள்வது. 2025-26 பணவீக்கக் குறியீட்டுப்படி 8 லட்சம் 30.08 லட்சமாகும், மீதிக்கு 20% போட்டால் 9.98 லட்சம். ஆனால் 2001 மதிப்பு 10 லட்சமாக இருந்தால் இந்த முறையில்தான் வரி குறையும். அதனால் முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த மதிப்பைக் கேட்டு வாங்குங்கள். வரியின் மேல் போடும் செஸ் தனி.

ரவி சித்தப்பா: எனக்கும் இதேதானா?

மீனா: வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்த 20% முறை கிடையாது சித்தப்பா. உங்கள் பங்கில் வாங்குபவர் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்.

கமலா அத்தை: பங்கு என்றதும் வந்துவிட்டான். அம்மா படுக்கையில் கிடந்தபோது எங்கே போனான்?

ரவி சித்தப்பா: அக்கா, இங்கே வேண்டாம்.

பெரியப்பா: கமலா!

பாலா: தேக்கு ஊஞ்சல் யாருக்கு?

கமலா அத்தை: எனக்கு. அம்மாவே சொன்னாள்.

பெரியப்பா: அது அப்புறம். வரியைக் குறைக்க வழி உண்டா மீனா?

மீனா: மூவருக்கும் கணக்கு தனித்தனி பெரியப்பா. குடியிருக்க வேறு வீடு 2 வருடத்துக்குள் வாங்கினாலும், 3 வருடத்துக்குள் கட்டினாலும் விலக்கு உண்டு. ஆனால் விற்பது வீடாக இருக்க வேண்டும், காலி மனைக்கு விதி வேறு. வீடு வேண்டாம் என்றால் 6 மாதத்துக்குள் அதற்கென்றே இருக்கும் முதலீட்டுப் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம். 5 வருடம் எடுக்க முடியாது. விற்பனைப் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கமலா அத்தை: எனக்கு முதலீட்டுப் பத்திரம் போதும்.

ரவி சித்தப்பா: நான் யோசித்துச் சொல்கிறேன்.

பாலா: மூலப் பத்திரம் யாரிடம் இருக்கிறது?

பெரியப்பா: கமலாவிடம்தான்.

கமலா அத்தை: என்னிடம் இல்லை. ரவி கல்யாணக் கடனுக்கு எடுத்துப் போனது யார்?

ரவி சித்தப்பா: இரவு போன் பண்ணுகிறேன்.