காவடி விரதத்தில் வந்த அந்த வாசம்

காத்ர் போர்ன் மருமகள்:
பத்து நாள் விரதம், நம் மொரீஷியஸ் தைப்பூசக் காவடி. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் கடைசி மூன்று நாளும் ராத்திரி ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். கோர் தெ கார்த் மலைப்படி ஏறி முடித்ததும் அலகை உருவினார்கள். வாயைத் திறந்து "தண்ணி" என்றார். மூச்சில் நகச்சாயம் அழிக்கிற மருந்து வாசம்! யாராவது குடிக்கக் கொடுத்துவிட்டார்களோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார். இன்னும் உறுத்துகிறது.

நர்ஸ் வேலை பார்க்கும் நாத்தனார் அப்புறம் சொன்னார்: கல்லீரலில் இருப்பு வைத்திருக்கும் சர்க்கரை சுமார் 100 கிராம், பட்டினி கிடந்தால் ஒரு நாளில் தீர்ந்துபோகும். பிறகு எரிவது கொழுப்பு. கல்லீரல் அதைக் கீட்டோன் என்ற எரிபொருளாக்கி மூளைக்கு அனுப்புகிறது. அதில் கொஞ்சம் அசிட்டோனாகி மூச்சில் போய்விடும். நகச்சாயம் அழிப்பதும் அதே அசிட்டோன்தான்.

பால்குடம், சேந்த் க்ருவா:
ஒரு நாள் தாங்கும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முந்தின ராத்திரி சாப்பிட்டவன், மறுநாள் பதினொரு மணிக்கே கைலாசன் கோயில் வாசலில் கண் இருட்டிப் போனேன். குடம் சரிந்து பால் கழுத்து வழியே வெதுவெதுப்பாக இறங்கியது, அது மட்டும்தான் ஞாபகம். தசையில் 400 கிராம் சர்க்கரை இருக்கிறதாமே, அது எங்கே போச்சு?

வாக்குவா தம்பி:
அண்ணா, தசைச் சர்க்கரை தசைக்கு மட்டும்தான். அதை ரத்தத்தில் விடுவிக்கும் நொதி தசையில் கிடையாது. உங்களுக்கு வந்தது சர்க்கரைக் குறைவுதான் என்றும் சொல்ல முடியாது. நம் ஊர் ஜனவரி வெயிலில், வெறுங்காலில், தண்ணீர் குடிக்காமல் நின்றால் ரத்த அழுத்தம் இறங்கியும் கண் இருட்டும்.

என் அப்பா சர்க்கரை நோயாளி. விரதத்தன்று, சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைட் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தார். பூஜை அறையில் பேச்சு குழறி அப்படியே சாய்ந்தார்.

அதனால் சொல்கிறேன். மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் விரதத்துக்குச் சில வாரம் முன்பே டாக்டரிடம் பேசி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தால் விரதம் முறியாது. 4 mmol/L-க்குக் கீழே (mg/dL கணக்கில் சுமார் 72) வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். இன்சுலின் போடுகிறவருக்கு அதே நகச்சாய வாசத்தோடு வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால் அது விரதத்தின் வாசம் இல்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அக்கா, உங்கள் வீட்டுக்காரருக்கும் பார்த்துவிடுங்கள்.

காத்ர் போர்ன் மருமகள்:
அன்றைக்கே பார்த்தோம் தம்பி, 4.3. அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை. ஏழு கறியோடு இலையில் சோறு போட்டேன், மறுநாள் காலையில் வாசம் இல்லை. நான் ஏன் முகத்தைத் திருப்பினேன் என்று அவர் இதுவரை கேட்கவில்லை.