சென்சாரில் 58, விரலில் 104: இரவு இன்சுலினைக் குறைக்கலாமா?

காவிரிக்கரை (கேள்வி)

அம்மாவுக்கு வயது 68, டைப் 2 சுகர். காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500, இரவு 10 மணிக்கு கிளார்ஜின் இன்சுலின் 18 யூனிட், பிரஷருக்கு மெட்டோப்ரோலால் 50. டாக்டர் சொன்னதால் மேல்கையின் பின்பக்கம் ஒட்டி சுகர் அளவைக் காட்டும் 14 நாள் சென்சார் போட்டிருக்கிறோம். ப்ளூடூத் வழியாக ஆண்ட்ராய்டு போனுக்கு அளவு வருகிறது.

இரவு 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் "லோ" (சுகர் மிகவும் இறங்கிவிட்டது) என்று அலாரம் அடிக்கிறது. நேற்று சென்சார் 58 காட்டியது, உடனே விரலில் குத்திப் பார்த்தால் 104. அம்மாவுக்கு நடுக்கமோ படபடப்போ இல்லை. காலையில் இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் சென்சார் 190, விரலில் 228. போதாக்குறைக்கு விடிகாலையில் "சிக்னல் இல்லை" என்று வந்து கிராஃபில் கோடு அறுந்து நிற்கிறது.

சென்சார் பழுதா? இன்சுலினை 12 யூனிட்டுக்கு இறக்கிவிடலாம் என்கிறார் அப்பா. செய்யலாமா?

சர்க்கரைக்கணக்கு

டாக்டரைக் கேட்காமல் இறக்காதீர்கள். 18-லிருந்து 12 என்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. நிஜமாகவே லோ ஆகிறவர்களுக்குக்கூட டாக்டர்கள் வழக்கமாக 10 முதல் 20 சதவீதம்தான் முதலில் குறைப்பார்கள்.

இட்லிக்குப் பிறகு வந்த வித்தியாசம் பழுதே இல்லை. விரலில் பார்ப்பது ரத்தம். சென்சார் பார்ப்பது தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் நீர். ரத்தத்தில் ஏறும் சர்க்கரை அங்கே போய்ச்சேர 5 முதல் 10 நிமிடம் ஆகும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் அளவு வேகமாக ஏறிக்கொண்டிருப்பதால் சென்சார் பின்தங்கித்தான் இருக்கும். ஒப்பிட வேண்டுமானால் ஆப்பில் அம்புக்குறி படுக்கையாக, அதாவது அளவு ஏறாமல் இறங்காமல், இருக்கும் நேரத்தில், வெறும் வயிற்றிலோ சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்தோ பாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் நறுக்கிய விரலில் மீட்டர் கூட்டிக் காட்டும்.

கணக்கு இது: மீட்டரில் 80-க்கு மேல் இருந்தால் 20 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம். 80-க்குக் கீழே என்றால் 20 புள்ளி வரை. 228-க்கு 20 சதவீதம் சுமார் 46, உங்களுக்கு வந்ததோ 38. கணக்குக்குள் இருக்கிறது. 104-க்கு 58 கணக்கில் வராது, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

அம்மா எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார், சென்சார் எந்தக் கையில் இருக்கிறது? கை அடியில் அழுந்தினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, சென்சார் பொய்யாக லோ காட்டும். கிராஃபைப் பெரிதாக்கிப் பாருங்கள். அழுத்தத்தால் வந்ததென்றால் கோடு திடீரெனச் செங்குத்தாக விழும், சற்று நேரம் கீழேயே கிடக்கும், புரண்டு படுத்ததும் எதுவும் சாப்பிடாமலே விருட்டென மேலே வந்துவிடும். கிளார்ஜினால் வரும் லோ பெரும்பாலும் மெதுவாகச் சரியும்.

வார்டுசிஸ்டர்

மேலே சொன்னது சரி, ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுத்த அலாரத்தை "அழுத்தம்தான்" என்று தள்ளிவிடாதீர்கள், தம்பி. மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறவர்களுக்கு லோ ஆனாலும் படபடப்பும் கைநடுக்கமும் மறைந்துபோகும். வியர்வை மட்டும் மறையாது. ஆகவே நடுக்கம் இல்லை என்பது அம்மா விஷயத்தில் ஆதாரம் ஆகாது. நெற்றியையும் கழுத்தையும் தொட்டுப் பாருங்கள், பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று கவனியுங்கள்.

ஒவ்வொரு அலாரத்துக்கும் எழுப்பி விரலில் பார்க்கத்தான் வேண்டும். மீட்டர், ஸ்ட்ரிப், லான்செட், குளுக்கோஸ் பவுடர் எல்லாம் கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். விரலில் 70-க்குக் கீழே இருந்தால் குளுக்கோஸ் பவுடர் 15 கிராம், அதாவது தலைதட்டிய டீஸ்பூன் மூன்று, தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். வியர்த்துக் கொட்டுகிறது, உளறுகிறார் என்றால் மீட்டரைத் தேடி நேரம் கடத்தாமல் முதலில் அதைக் கொடுங்கள். சாக்லேட், பால் இனிப்பு வேண்டாம், கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடம் கழித்து மறுபடி விரலில் பாருங்கள். சென்சாரைப் பார்த்தால் அது பின்தங்கி இன்னும் லோ என்றே காட்டும், பயந்துபோய் மேலும் மேலும் கொடுத்துக் காலையில் 300-இல் நிற்கும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

விரலில் ஒருமுறை 70-க்குக் கீழே உறுதியானாலும் அன்று காலையே டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

ப்ளூடூத்பித்தன்

சிக்னல் விஷயம். விடிகாலையில் மட்டும் அறுகிறது என்றால், போன் அசையாமல் கிடக்கும்போது ஆண்ட்ராய்டு அந்த ஆப்பைத் தூங்கவைத்திருக்க வாய்ப்பு அதிகம். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் சென்சார் ஆப், பேட்டரி என்று போய்க் கட்டுப்பாடு இல்லாத நிலைக்கு மாற்றுங்கள். சில கம்பெனி போன்களில் ஆட்டோஸ்டார்ட் என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் ஆன் செய்ய வேண்டும். பேட்டரி சேவர் இரவில் தானாக ஆன் ஆகிறதா என்றும் பாருங்கள். லொக்கேஷன், பக்கத்துச் சாதனங்கள் ஆகிய அனுமதிகள் இருக்க வேண்டும். "தொந்தரவு செய்யாதே" நிலையிலும் இந்த ஆப்பின் அலாரம் ஒலிக்க விதிவிலக்குக் கொடுங்கள். இதை விட்டுவிட்டால் லோ வந்தும் போன் ஊமையாகக் கிடக்கும்.

போன் அம்மா படுக்கும் அறையிலேயே சார்ஜில் இருக்கட்டும். தடை இல்லாவிட்டால் 6 மீட்டர் வரை எட்டும், சுவர் குறுக்கே வந்தால் குறையும். ஸ்கேன் செய்யும் வகை சென்சார் என்றால் கடைசி 8 மணி நேர அளவு அதற்குள்ளேயே இருக்கும். எழுந்ததும் ஒரு ஸ்கேன் செய்தால் அறுந்த கோடு நிரம்பிவிடும்.

காவிரிக்கரை

மிக்க நன்றி. அம்மா இடதுபக்கம்தான் படுப்பார், சென்சாரும் இடது கையில். கிராஃபில் நீங்கள் சொன்ன மாதிரியே செங்குத்தாக விழுந்திருக்கிறது. விரலில் 96. இப்போதே கழற்றி வலது கையில் ஒட்டலாமா? அடுத்த வாரம் டாக்டரிடம் ரிப்போர்ட் காட்ட வேண்டும்.

சர்க்கரைக்கணக்கு

கழற்றினால் மறுபடி ஒட்ட முடியாது, உள்ளே இருக்கும் மெல்லிய இழை வீணாகிவிடும். இந்த சென்சார் முடியும்வரை இடதுபக்கம் புரளாதபடி முதுகுக்கு நீளத் தலையணை ஒன்று அண்டைக் கொடுங்கள். அடுத்ததை வலது கையில் ஒட்டுங்கள். முதல் நாள் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஓரம் பெயர்ந்து மேலே டேப் ஒட்டுவதானால் நடுவில் உள்ள சிறு துளையை மூடாதீர்கள்.

ரிப்போர்ட்டில் ஒரு முக்கியமான விஷயம். வயதானவர்களுக்கு 70-க்குக் கீழே இருக்கும் நேரம் ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. ஒரு நாளில் அது வெறும் 14 நிமிடம். கை அழுந்தி அரை மணி நேரம் பொய் லோ வந்தாலே அன்றைய கணக்கு இந்த இலக்கைப்போல் இரண்டு மடங்காகிவிடும், டாக்டரும் அதை நம்பி இன்சுலினைக் குறைக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு அலாரத்துக்கும் ஆப்பின் குறிப்புப் பகுதியில் "விரலில் 104, இடதுபக்கம் படுத்திருந்தார்" என்று அப்போதே எழுதுங்கள். 14 நாளில் குறைந்தது 70 சதவீத நேரம் பதிவாகியிருந்தால்தான் ரிப்போர்ட்டை நம்பலாம், அதனால் பேட்டரி செட்டிங்கை இன்றே மாற்றிவிடுங்கள். விரலில் பார்த்ததையெல்லாம் தேதி, நேரத்தோடு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.