புது இரும்பைப் பழக்கிய அனுபவங்கள்: தோசைக்கல், பணியாரக்கல், கேம்ப் ஓவன்

கீழவாசல்:
வார்ப்பிரும்பு தோசைக்கல் வாங்கினேன். புதுக் கல்லில் தோசை ஒட்டாமல் வரப் பழக்குவதற்கான கஞ்சி, வெங்காயம், நல்லெண்ணெய் எல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விடுங்கள். கடையில் "பழக்கின கல், எண்ணெய் காட்டி வச்சிருக்கோம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டில் கழுவித் துடைத்து அடுப்பில் ஏற்றினேன். எண்ணெய் புகைந்தால் என்ன வாடை வரும் என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும். வந்தது பெயிண்ட் வாடை. குனிந்து பார்த்தால் கல்லின் நடுவில் கருப்புத் தோல் குமிழ் குமிழாகக் கிளம்புகிறது. கரண்டிக் காம்பால் ஒன்றை நெருடினேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது, அடியில் சாம்பல் நிறத்தில் வெறும் இரும்பு. கல்லைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனேன். "எல்லாக் கல்லும் அப்படித்தாம்மா, நாலு தோசை ஊத்தினா சரியாயிடும்" என்றார். அந்த நாலு தோசையை யார் சாப்பிடுவது? சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. வெறும் கல் என்று சொல்லி விற்றிருந்தால் நானே பழக்கியிருப்பேன். பூச்சை எண்ணெய் என்று சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஆச்சி வீட்டு மருமகள்:
எனக்கு வந்தது பூச்சு இல்லாத கல். வடித்த கஞ்சியில் ஊறப்போட்டு, தினமும் கஞ்சி மாற்றி, தேங்காய் நாரும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்தேன். அப்புறம் வெயிலில் காயவைத்து விளக்கெண்ணெய் தடவினேன். சொல்ல வந்தது வெங்காயம் பற்றி. பாதி வெங்காயத்தைக் கத்தியில் குத்தி, எண்ணெயில் தொட்டுச் சூடான கல்லில் தேய்த்தால் வெட்டு முகம் கரிக்கட்டையாக வரும். அந்தப் பக்கத்தைச் சீவிவிட்டு மறுபடி தேய்த்தால் மறுபடி கருப்பு. அன்று நானும் மாமியாரும் மாறி மாறித் தேய்த்தோம். ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, ஒரு தேய்ப்பில் வெங்காயம் பொன்னிறமாக வந்தது. அத்தை அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப ஊத்து" என்றார். ஊற்றிய தோசை விளிம்பில் தானாகவே தூக்கிக்கொண்டது. அதை எத்தனை பேரிடம் சொல்லியும் எனக்கு அலுக்கவில்லை.

பிரிஸ்பேன்காரன்:
தோசைக்கல் இல்லை, கேம்ப் ஓவன். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்குத் தெரியும்: கனமான வார்ப்பிரும்புப் பானை, மேலே நெருப்புக் கங்கு போடுவதற்கு விளிம்பு வைத்த மூடி. புதிதாக வருவதில் பலவும் துருப் பிடிக்காமல் இருக்க மெழுகோ அரக்கோ பூசித்தான் வரும். அது சாப்பிடுவதற்கானது இல்லை என்று சேர்ந்து வரும் தாளிலேயே போட்டிருப்பார்கள். கீழவாசல் அக்கா, உங்கள் கடைக்காரரும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். கொதிக்கிற சோப்புத் தண்ணீரில் தேய்த்து, மிச்சத்தை மூடி போட்ட பார்பிக்யூவில் புகை நிற்கும்வரை எரித்து எடுத்தேன். பிறகு எண்ணெய் தடவிப் பழக்கினேன். அதெல்லாம் நன்றாகவே வந்தது.

போன ஈஸ்டர் விடுமுறைக்கு நண்பர்களோடு கூடாரம் போட்டோம். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வெந்து இறக்கிய சூட்டோடு, பாத்திரம் கழுவ உதவுகிறேன் என்று ஒருவர் குழாய்த் தண்ணீரை அதில் பிடித்துவிட்டார். சீறவும் இல்லை, ஆவிகூட அப்புறம்தான். முதலில் வந்தது 'டணார்' என்ற சத்தம். விளிம்பிலிருந்து அடிவரை மயிரிழை போல ஒரு கோடு. அந்தக் கோட்டில் எண்ணெய் கசிந்து வருவதை எல்லோரும் நின்று பார்த்தோம். குயின்ஸ்லாந்தின் பெடௌரியில் எஃகுத் தகட்டில் கேம்ப் ஓவன் செய்ய ஆரம்பித்ததே, குதிரை முதுகிலிருந்து விழுந்தால் வார்ப்பிரும்பு உடைந்துவிடுகிறது என்பதால்தான் என்பார்கள். கேள்விப்பட்டிருந்தேன், அன்றுதான் புரிந்தது.

உலைக்களம்:
கோவையில் வார்ப்படத் தொழிலில் இருக்கிறேன். மருமகள் அக்கா மன்னிக்க வேண்டும், கஞ்சி கல்லைப் பழக்காது. சாம்பல் நிற வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் கார்பன் உண்டு. அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உள்ளே கிடக்கும். பென்சிலில் இருப்பதும் அதே கிராஃபைட்தான். துணியிலும் வெங்காயத்திலும் ஒட்டும் கருப்பில் அதுவும் உண்டு, எல்லாமே அழுக்கு இல்லை. அந்தச் செதில்களால்தான் பிரிஸ்பேன்காரரின் பானையில் விரிசல் விழுந்தது. திடீர்ச் சூடும் குளிர்ச்சியும் வந்தால் இழுவிசை தாங்காது.

பழகுவது என்பது எண்ணெய் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிக்கொள்வது. பக்கத்து வீட்டில் ஒரு கல், "நிறைய எண்ணெய் விட்டோம், நல்லா பழகட்டும்னு" என்றார்கள். அதன்மேல் மூடியிருந்த செய்தித்தாளைத் தூக்கினேன், கல்லும் சேர்ந்து எழும்பியது. அப்படி ஒரு பசை. எண்ணெய் தடவியபின், தடவவே இல்லை என்று தோன்றும் அளவுக்குக் காய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். 200 முதல் 230 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓவனில் கவிழ்த்து வையுங்கள், உள்ளேயே ஆறட்டும். இதை மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். ஓவன் இல்லாதவர்கள் அடுப்பில் கல்லை நகர்த்தி நகர்த்தி விளிம்புவரை சூடு காட்டலாம். சூரியகாந்தி எண்ணெய், சோயா எண்ணெய், நல்லெண்ணெய் மூன்றும் இறுகும். தேங்காய் எண்ணெய் சரியாக இறுகாது. விளக்கெண்ணெயும் அப்படித்தான், துருவைத் தடுக்கும், ஆனால் படலமாகாது. ஆளி விதை எண்ணெய் நன்றாக இறுகும், ஆனால் பிறகு செதிலாக உரிந்து தோசையோடு வரலாம். புளிக்குழம்பை அதில் கொதிக்க விடாதீர்கள், புளிப்பு படலத்தைத் தின்றுவிடும். கழுவியதும் துடைத்து, அடுப்பில் ஒரு நிமிடம் வைத்து ஈரத்தை விரட்டிவிட்டு எடுத்து வையுங்கள்.

ஆச்சி வீட்டு மருமகள்:
தம்பி, கஞ்சி பழக்கும் என்று நான் எங்கே சொன்னேன்? கஞ்சி கழுவும். மணல் துகள், கடைசல் பொடி, மேலே பூத்த லேசான துரு எல்லாம் அந்தப் புளித்த கஞ்சியில்தான் விட்டு வந்தது. கஞ்சியின் நிறமே மாறியதைக் கண்ணால் பார்த்தவள் நான். உங்கள் வார்ப்படக் கணக்கு எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் பாட்டி காலத்துக் கல் இன்னும் ஓடுகிறது. ஓவனைப் பார்க்காத கல் அது. விளக்கெண்ணெய் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், அதைப் பரணில் ஏற்றி வைக்கும் கல்லுக்குத்தான் அத்தையும் தடவுவார். தினசரிக் கல்லுக்கு நல்லெண்ணெய்.

தேனிக்காரி:
இவ்வளவு பேசியும் யாரும் சப்பாத்தியைச் சொல்லவில்லையே! நன்றாகப் பழகிய கல்லில் வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒரு நாள் சப்பாத்தி சுட்டார். எண்ணெயே இல்லாமல், அனல் முழுசாக வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக. மறுநாள் காலை முதல் தோசையைத் திருப்பப் போனால் நடுவில் ஒரு வட்டம் மட்டும் கல்லோடு நின்றுவிட்டது, அச்சு அசலாகச் சப்பாத்தி அளவு. பிள்ளை தட்டோடு நிற்கிறான், ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. சப்பாத்திக்குத் தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கல்லை வேறு இடத்தில் வையுங்கள்.

ஏழு குழி:
பணியாரக்கல் வைத்திருப்பவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள். என்னுடையதில் நடுக்குழி மட்டும் பிடிக்கிறது. சுற்றி இருக்கும் ஆறிலும் கம்பியால் தொட்டதும் பணியாரம் உருள்கிறது, நடுவில் இருப்பது மட்டும் தொப்பி கழன்று கையோடு வருகிறது. விரலால் தடவிப் பார்த்தேன், அந்தக் குழியின் அடியில் சொரசொரப்பு, மணல் அச்சில் வார்த்ததன் தழும்பு. செங்கல் பொடியும் நாரும் போட்டு அந்தக் குழியை மட்டும் தேய்த்து வழவழப்பாக்கலாமா, அல்லது எண்ணெய் ஏற ஏற அந்தப் பள்ளம் தானாக நிரம்புமா? உலைக்களம் சார், நீங்கள் வார்க்கிறவர், இதைச் சொல்லுங்கள். கார்த்திகைக்குள் சரியாக வேண்டும்.

உலைக்களம்:
தேயுங்கள். பொடியைவிட, நயமான உப்புத்தாளை விரலில் சுற்றி வட்டமாகத் தேய்ப்பது நல்லது. கழுவி, சூட்டில் ஈரம் போக்கி, அந்தக் குழிக்கு மட்டும் முதலிலிருந்து எண்ணெய் காட்டுங்கள். குச்சி நுனியில் துணி சுற்றித் துடைத்தால்தான் குழியின் அடியில் எண்ணெய் தேங்காது. தேங்கினால் பசையாகிவிடும்.