மும்பை ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கம் நீங்கள் சந்தித்தவர்கள்: வாசகர்கள் எழுதியவை

செம்பூர்வாசி:
என் பெரியப்பா ஃபோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச்கேட்டில் இறங்கி ஃப்ளோரா ஃபவுண்டனைத் தாண்டி ஆபீஸ், சாயங்காலம் அதே வழியில் வீடு. அவருக்கு அது ரோடு கடக்கிற இடம், அவ்வளவுதான். 2019 ஜனவரியில் சீரமைப்பு முடிந்து நீரூற்றில் மறுபடி தண்ணீர் விட்டபோது கூட்டிக்கொண்டு போனேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேலே நிக்கிறது யாருடா?" என்றார்.

ரோமானியரின் பூ தெய்வம் ஃப்ளோரா, 1864இல் அமைத்தது, இங்கிலாந்தின் போர்ட்லாண்ட் கல், முதலில் பைகுல்லா விக்டோரியா கார்டனுக்கு என்றுதான் திட்டம்... படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். கோட்டை மதிலை இடித்தபோது பழைய சர்ச் கேட் வாசல் போய், அந்த இடத்துக்கு இந்த அம்மா வந்துவிட்டாள். பெரியப்பா காதில் எதுவும் ஏறவில்லை. சீரமைப்புக்குத் தோண்டும்போது டிராம் தண்டவாளம் கிடைத்தது என்றதும்தான் முகம் மலர்ந்தது.

'டிராம்' மட்டும் காதில் விழுந்ததோ என்னவோ, பக்கத்தில் நின்ற பார்சி தாத்தா ஒருவர் திரும்பினார். அப்புறம் என்ன, தாதர் டிராமில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காற்று வரும் என்று இருவருக்கும் பம்பாய் இந்தியில் அரை மணி நேர வாக்குவாதம். 1964 மார்ச்சில் கடைசி டிராம் போரி பந்தரிலிருந்து தாதருக்குப் போனது என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் கை குலுக்கிப் பிரிந்தார்கள்.

சயான்காரர்:
டாக்ஸியில் ஏறி "ஃப்ளோரா ஃபவுண்டன்" என்றேன். "ஹுதாத்மா சௌக்" (தியாகிகள் சதுக்கம், அந்த இடத்தின் இன்றைய பெயர்) என்று திருத்தினார் ஓட்டுநர். கோபமாக இல்லை, ஆனால் அழுத்தமாக. மும்பையோடு சேர்ந்த மகாராஷ்டிரம் வேண்டும் என்று 1955 நவம்பர் 21ஆம் தேதி இங்கே திரண்ட கூட்டத்தில் அவருடைய தாத்தாவும் இருந்தாராம், மில் தொழிலாளி. அன்று போலீஸ் சுட்டதில் பலர் செத்தார்கள். 1960 மே 1ஆம் தேதி மாநிலம் பிறந்தது. விவசாயியும் தொழிலாளியும் தீப்பந்தம் ஏந்தி நிற்கும் சிலையைக் காட்டி, "எல்லாரும் அந்த வெள்ளைக்கார அம்மாவைத்தான் போட்டோ எடுக்கிறாங்க" என்றார். நானும் அதற்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லவில்லை.

டோம்பிவிலியிலிருந்து ஒரு தங்கை:
ஹார்னிமன் சர்க்கிள் தோட்டத்துப் பக்கம் சைக்கிளில் இட்லி விற்கும் அண்ணன், தாராவிக்காரர். டவுன் ஹால் படியில் உட்கார்ந்து சாப்பிடும்போது பாடம் எடுப்பார். "ஷேர் மார்க்கெட்டே இங்க ஆலமரத்தடியிலதாம்மா ஆரம்பிச்சது" என்றார் ஒருநாள். சரியான செய்திதான்: 1850களில் பங்குத் தரகர்கள் டவுன் ஹாலுக்கு எதிரே மரத்தடியில் கூடினார்கள், 1874இல்தான் தலால் தெருவுக்குப் போனார்கள். தோட்டத்துக்குப் பெயர் கொடுத்த ஹார்னிமன் ஓர் ஆங்கிலேயர். பாம்பே கிரானிக்கிள் நாளிதழின் ஆசிரியராக இருந்து ஜாலியன்வாலா பாக் கொடுமையை வெளிக்கொண்டுவந்தவர். 1919இல் அவரை நாடு கடத்தினார்கள். இதைச் சொன்னபோது அண்ணனுக்கு ஆச்சரியம்: "வெள்ளைக்காரனையே வெள்ளைக்காரன் துரத்துனானா!"

அவரிடம் சாப்பிட வேண்டுமென்றால் ஒன்பது மணிக்குள் போங்கள். அதற்கப்புறம் சட்னிதான் மிஞ்சும்.